குளித்துவிட்டாள், சேலையையும் துவைத்துவிட்டோம்... இனிப் போய்ப் பயன் உண்டா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 22 வயது. தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டை வாரம் ஒரு நாள் திறந்து கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே தெரிந்த ஆள் ஒருவனே அவளைப் பலவந்தம் செய்துவிட்டான். கழுத்தைப் பிடித்து நெரித்தானாம். வீட்டுக்கு வந்தவள் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டாள். சேலையை நான்தான் விவரம் தெரியாமல் துவைத்தேன். அன்று இரவே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். “முதல்ல போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஊர் வாய்க்குப் பயந்து திரும்பிவிட்டோம். இன்றோடு 19 நாள். இந்த மாதம் நாள் தள்ளிப் போயிருக்கிறது. ராத்திரி தூங்குவதில்லை. டாக்டரிடம் போனால் விரல் விட்டுச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டு வர மறுக்கிறாள். நாங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோமா?
— ஒரு சின்னம்மா, சிவகங்கை மாவட்டம்

பதில் (மருத்துவர்): அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டேன். நீங்களும் அந்தப் பெண்ணும் சம்மதித்ததால், ஊர், உறவு எல்லாம் மாற்றி இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இன்றைக்கு இன்னொரு வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. அப்படி நடந்த பிறகு குளிக்கத்தான் தோன்றும். தவறு, அந்த இரவு உங்களை வாசலோடு அனுப்பியவர்களுடையது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வந்தால் அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 2013 முதல் சட்டம் அப்படித்தான். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ஆவது பிரிவில் இருக்கிறது. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை, அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. வேண்டாம் என்றாலும் வைத்தியம் நிற்காது.

இப்போது உடம்பைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பதறவைத்தது அந்தக் கழுத்து. நெரித்த பிறகு தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். பக்கவாதம் சில நாள், சில வாரம் கழித்தும் வரலாம். குரல் கம்மியதா, விழுங்கும்போது வலித்ததா, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்ததா என்று கேளுங்கள். தலைவலி, பார்வை மங்கல், கை கால் மரத்துப் போதல், பேச்சுக் குழறல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லை என்றாலும் கழுத்து விஷயத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். நாம் வாய் திறக்காவிட்டால் பல இடங்களில் அதைக் கேட்கவே மாட்டார்கள்.

அடுத்தது நாள் தள்ளிப் போனது. அதிர்ச்சியிலும் தள்ளிப் போகும். சிறுநீர்ச் சோதனை இப்போது சரியாகவே காட்டும். கர்ப்பம் என்றால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே முடித்துவிட நினைக்காதீர்கள். அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது: மருத்துவமனையில் கலைத்தால் அந்தத் திசுவைப் பாதுகாத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். குளித்ததில் போன தடயத்தைவிட அது உறுதியானது. பலவந்தத்துக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. 18 வயது நிரம்பியவள், அவள் கையெழுத்து ஒன்றே போதும். அப்பாவோ அண்ணனோ சம்மதிக்கத் தேவையில்லை.

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த நேரம் போய்விட்டது. வாசலில் திருப்பி அனுப்பியதால் நமக்கு நேர்ந்த உண்மையான இழப்பு இதுதான், எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இப்போது ஒரு முறையும், சம்பவத்திலிருந்து 6 வாரத்திலும் 3 மாதத்திலும் சோதித்துக்கொள்ளலாம். பால்வினை நோய்களுக்கும் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இப்போதும் தொடங்கலாம்.

அந்த விரல் சோதனை. கன்னித்தன்மை பார்க்கிறேன், பழக்கம் உண்டா பார்க்கிறேன் என்று முன்பு செய்துவந்த அநியாயம் அது. அதில் மருத்துவம் எதுவுமே இல்லை. உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது, மத்திய சுகாதாரத் துறை 2014 நெறிமுறையில் விலக்கியது, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்யும் மருத்துவர் ஒழுக்கக்கேடு செய்தவராவார் என்றே சொல்லிவிட்டது. யாராவது ஆரம்பித்தால் “வேண்டாம்” என்று அவள் சொல்லலாம்.

உண்மையில் சோதனை எப்படி நடக்கும்? நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். அறையில் அவளும் நானும் ஒரு செவிலியரும் மட்டும். அவள் விரும்பினால் சின்னம்மா கூட இருக்கலாம். போலீஸ் உள்ளே வரக்கூடாது. நடந்ததை அவள் வாயால் சொல்ல, அவள் வார்த்தையிலேயே எழுதுவேன். அன்றே வந்தவள் என்றால் தரையில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் நின்று உடை மாற்றச் சொல்வேன்; ஒரு முடியோ, ஒரு பிடி மண்ணோ உதிர்ந்தாலும் தாளில் விழும். அப்படியே மடித்து உறையில் வைப்போம். துணியை நிழலில் உலர்த்திப் பழுப்புக் காகித உறையில்தான் போடுவோம். பிளாஸ்டிக் பையில் ஈரம் நின்று பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரியையும் காற்றில் உலர்த்தி, அரக்கு முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று எழுதி அனுப்புவோம். ஒவ்வொரு படியிலும் “செய்யலாமாம்மா?” என்று கேட்பேன். தலையாட்டவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுவேன். ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்கலாம்.

உடம்பிலிருந்து மாதிரி எடுக்க ஏறக்குறைய 96 மணி நேரம்தான் கணக்கு. குளித்திருந்தாலும் அதற்குள் வந்தால் எடுப்போம். உங்களுக்கு அது கடந்துவிட்டது. அந்தச் சேலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துவைத்த துணியிலும் சில சமயம் தடயம் மிஞ்சும். காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். காயம் இல்லையே, கத்தவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொள்வதாகப் போனில் சொன்னீர்கள். பலருக்குக் காயம் இருப்பதே இல்லை. உடம்பு உறைந்து போகும், குரல் எழும்பாது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதை நீங்கள் அவளிடம் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

19 நாள் கழித்தும் புகார் கொடுக்கலாம். வாக்குமூலம் வாங்க, கூடியவரை, பெண் காவலர்தான் வர வேண்டும், அதுவும் அவள் சொல்லும் இடத்துக்கு. அவள் பெயரோ, அடையாளம் தெரியும்படியான விவரமோ வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஊர் வாய்க்கு அந்த வேலி உண்டு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குமிடம், ஆலோசனை, வக்கீல் உதவி எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துத் தருவார்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

தூக்கத்துக்கு அவசரப்பட்டு மாத்திரை வேண்டாம். இருட்டில் விளக்கை எரியவிடுங்கள், தனியாகப் படுக்க விடாதீர்கள், மறந்துவிடு என்று சொல்லாதீர்கள். செத்துப் போகலாம் என்ற பேச்சு வந்தால் அன்றே மனநல மருத்துவர். இரவானாலும் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம்.

அரசு மருத்துவமனைக்குப் போகும்போது சீட்டு வரிசையில் நின்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “பெண் டாக்டரைத் தனியாப் பார்க்கணும்” என்று மட்டும் சொல்லுங்கள். மாற்றிப் போட ஒரு செட் துணி, கடைசியாக மாதவிலக்கான தேதி, அந்தச் சேலை. இவ்வளவு போதும்.