கிரகணத்தை விட்டுவிட்டுக் கணவரின் சர்க்கரையைப் பாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

மகனின் இடது சிறுநீரகம் திராட்சைக் குலைபோல் வெறும் நீர்க்கட்டிகளாக இருப்பதாகவும், கர்ப்பகாலத்தில் கிரகணத்தன்று நீங்கள் வெளியே வந்ததே காரணம் என்று மாமியார் சொல்வதாகவும், அடுத்த குழந்தைக்கும் வருமா என்றும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருந்தீர்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவின் 5ஆம் வாரத்தில் சிறுநீர்க்குழாயின் மொட்டு கிளைத்து, சிறுநீரகமாக வேண்டிய திசுவைத் தொட்டு, இரண்டும் ஒன்றையொன்று தூண்டி வளர வேண்டும். அது தடைப்படும்போது இத்தகைய குறைபாடு உண்டாகிறது. பெரும்பாலான குழந்தைகளில் ஒற்றை மரபணுக் காரணம் பிடிபடுவதில்லை.

ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன்: ஒல்லியான உங்கள் கணவருக்கு 24 வயதிலேயே சர்க்கரை நோய். 17ஆம் குரோமோசோமில் உள்ள எச்என்எஃப்1பி என்னும் மரபணு, சிறுநீரகம், கணையம் இரண்டின் வளர்ச்சியிலும் பங்கு கொள்வதால், அதில் பிழை இருந்தால் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நீர்க்கட்டியும் இன்னொருவருக்கு இளவயதுச் சர்க்கரையும் வரலாம். (டர்பனில் நம்மவர் வீடுகளில் சர்க்கரை மலிந்திருப்பதால் இந்த ஐயம் எளிதில் எழுவதில்லை.) ஆகவே கணவருக்கு வயிற்று ஸ்கேனும் இரத்தத்தில் மக்னீசிய அளவும் பார்த்துவிட்டு, மகனின் சிறுநீரக மருத்துவரிடம் மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். பிழை கணவரிடம் உறுதியானால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது கடத்தப்பட 50 விழுக்காடு வாய்ப்புண்டு. பாதிப்பின் அளவை மட்டும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

மகனுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், அன்றே சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.