கைப்பேசியில் தமிழ் எழுதுவது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் செய்திகள் எல்லாமே தமிழ்தான். ஆனால் ஒன்றுகூடத் தமிழ் எழுத்தில் இருப்பதில்லை. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்த பிறகே, 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருக்கிறாள் எனத் தெரிகிறது. இப்படியே போனால் அடுத்த தலைமுறையில் தமிழ் எழுத்து வழக்கொழிந்து விடாதா? — வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பிள்ளைகள் மீது நாம் கொள்ளும் கோபம் பாதியாகக் குறைந்துவிடும்.

தமிழ் முதன்முதலில் அச்சேறியதே ரோமன் எழுத்தில்தான். 1554ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் அச்சான ஒரு சிறிய கிறித்தவ சமய நூலில், தமிழ்ச் சொற்கள் அனைத்தும் ரோமன் எழுத்திலேயே இருந்தன. அங்கே தமிழ் அச்செழுத்து கிடையாது. இருந்ததைக் கொண்டு அச்சிட்டார்கள். 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. தமிழுக்கென அச்செழுத்து வார்க்கப்பட்ட பின் தமிழ் நூலை ரோமன் எழுத்தில் அச்சிட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

கைப்பேசியிலும் இதுவே நடந்தது. பொத்தான் வைத்த பழைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே இல்லை. இருந்த சிலவற்றிலும் காசு குறுக்கே நின்றது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 வரை அடங்கும். அதையே தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான் கிடைக்கும். அந்த எழுபதிலும் 'கி' என்ற ஓர் எழுத்துக்கே ககரத்துக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று என இரண்டு இடங்கள் போய்விடும். ஆங்கில எழுத்தில் ஒரே செய்தியாக அடங்குவது தமிழில் எழுதினால் இரண்டு, மூன்றாகப் பெருகி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் விழுந்த காலத்தில், கல்லூரிப் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் படிந்த வழக்கத்தைத்தான், அந்தக் கட்டணமும் அந்தக் கைப்பேசியும் மறைந்த பிறகும், உங்கள் மகளின் தோழியர் வட்டம் தொடர்ந்துகொண்டிருக்கிறது.

இதனால் இழப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு முந்தின நாள், குடும்பக் குழுவில் என் தங்கை ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி போட்டாள். எம், ஏ, எல், ஏ, ஐ என்று எழுதி, பக்கத்தில் 'வந்துவிடும்' என்றிருந்தது. பூக்காரர் மாலையைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார் என்பது அவள் சொல்ல வந்தது. எங்கள் சித்தப்பா அதை 'மழை வந்துவிடும்' என்று வாசித்துவிட்டு, பந்தல்காரரை அழைத்து, இரவு 10 மணிக்குத் தார்ப்பாய் போடச் சொல்லிவிட்டார். மலை, மாலை, மழை மூன்றும் அந்த 5 எழுத்துகளில் ஒன்றாகிவிடுகின்றன. குறிலையும் நெடிலையும், லகர ளகர ழகரங்களையும் நம் எழுத்து எவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

நீங்கள் மகளுக்கு எந்த எழுத்தில் பதில் அனுப்புகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆங்கில எழுத்தில் என்றால், இன்றிலிருந்தே தமிழ் எழுத்துக்கு மாறிவிடுங்கள். 'சாப்பிட்டேன், நீ?' என்று இரண்டு சொல் போதும். கண்டித்துச் சொல்வதைவிட, அம்மாவின் பெயருக்குக் கீழே நாள்தோறும் தமிழ் எழுத்தைப் பார்ப்பது நிச்சயம் பலன் தரும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியர். விடைத்தாளில் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றும் 'மணம்' என்பதை 'மனம்' என்றும் எழுதும் மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். கைப்பேசித் தட்டச்சுதான் காரணம் என்கிறேன். சக ஆசிரியர்கள் மறுக்கிறார்கள். — வாசகர், திருநெல்வேலி

பதில்: இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது, ஐயா. லகர ளகரக் குழப்பம் கைப்பேசிக்கு முன்பே, பேச்சிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மாணவர்கள் தட்டச்சு செய்யும் முறை அந்தக் குழப்பத்தை மேலும் ஊன்றிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில், ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தைத் தட்டினால் 'ல'. பெரிய 'எல்' எழுத்தைத் தட்டினால் 'ள'. சிறிய 'என்' எழுத்துக்கு 'ன', பெரிய 'என்' எழுத்துக்கு 'ண'. அதாவது, இரண்டு தனி எழுத்துகளை ஒரே எழுத்தின் சிறியதும் பெரியதுமாக விரல் பழகிக்கொள்கிறது. அவசரத்தில் யார் பெரிய எழுத்துக்கு மாறப் போகிறார்கள்? சிறியதைத் தட்டிவிட்டு, மேலே வரிசையாகத் தோன்றும் பரிந்துரைச் சொற்களில் முதலாவதைத் தொட்டுவிடுகிறார்கள். எந்த எழுத்து என்று முடிவு செய்ய வேண்டிய அந்த ஒரு நொடி மாணவருக்கு வாய்ப்பதே இல்லை.

'தமிழ் 99' விசைப்பலகையில் இந்தச் சிக்கல் கிடையாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு அது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று தனி விசைகள். ன, ண, ந மூன்றுக்கும் அப்படியே. இதன் அழகைத் தட்டிப் பார்த்தால்தான் உணர முடியும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும். மகரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. 'பந்து' என்பதற்குப் ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் இடையில் புள்ளி வேண்டும் என்பது விசைப்பலகைக்கே தெரியும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்று நீங்கள் வகுப்பில் நடத்தும் இலக்கணம் அங்கே விசைகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஐபோனில் இந்த அமைப்பு உடன் வருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செல்லினம் செயலி வழியாகப் பெறலாம். முதல் ஒரு வாரம் கை தடுமாறும். நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒலிபெயர்ப்பிலிருந்து இதற்கு மாறியவன். பத்து நாளில் பழைய வேகம் வந்துவிட்டது. விசைப்பலகைப் படத்தைத் தாளில் அச்சிட்டு வகுப்பில் கொடுத்து, 'பள்ளி', 'பல்லி' இரண்டையும் மாணவர்கள் தாளின் மேலேயே விரலால் தட்டிப் பார்க்கும்படி செய்யுங்கள். கைப்பேசி இல்லாமலே நடத்தக்கூடிய பாடம் இது.

கேள்வி: யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு போட்ட பழைய 'லை', 'னை' எழுத்துகளில் படித்து வளர்ந்தவன் நான். தட்டச்சுப் பொறியின் வசதிக்காக ஒரு மொழியின் எழுத்தையே மாற்றியது சரியா? — ஓய்வுபெற்ற எழுத்தர், வேலூர்

பதில்: பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட மாற்றங்களில் ஒரு பகுதியை, எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு 1978 அக்டோபரில் ஆணையாக வெளியிட்டது. ணை, லை, ளை, னை என்ற நான்கோடு, ணா, றா, னா வரிசையின் ஒன்பதும் சேர்ந்து 13 எழுத்துகள் புது வடிவம் பெற்றன. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் வேலை எளிதாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆனால் எழுதும் பொருளுக்கு ஏற்பத் தமிழ் எழுத்து வளைந்துகொடுத்தது அதுதான் முதல் முறை என்று நினைத்துவிடாதீர்கள். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலைச்சுவடிகளில் புள்ளியைப் பெரும்பாலும் காண முடியாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபட்டுப் போகும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். சுவடியைப் பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் பொருளறிந்துதான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டும் வழியை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்தார். புள்ளியை எல்லாருடைய கண்ணுக்கும் பழக்கியது அச்சு.

தட்டச்சு தந்த நெருக்கடி இன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் கணினி வைத்திருக்கும் குறியீடு ஒன்றே. எழுத்துருவை மட்டும் மாற்றினால் அதே கோப்பு துதிக்கை போட்ட எழுத்தில் திரையில் தெரியும். நீங்கள் படித்து வளர்ந்த வடிவத்தில் இந்த இதழின் பக்கத்தையே வாசிப்பது இன்றைய கணினிக்கு எளிய வேலை.

கேள்வி: 2000ஆம் ஆண்டுவாக்கில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து சேமித்த என் கட்டுரைகளைத் திறந்தால், வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. அழிந்துவிட்டனவா? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அழியவில்லை. அக்கோப்பில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் முதலிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பாமினி அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. அந்தக் காலத்தில் திஸ்கி, டாப், டாம் என்று இப்படிப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. ஓர் இணைய இதழைப் படிக்க அதன் எழுத்துருவைத் தனியே பதிவிறக்க வேண்டியிருந்ததும் அதனால்தான். பாமினியை, இன்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள்; கட்டுரைக்கு இடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாக உருமாறியிருக்கும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 78 வயது. கண் மங்கிவிட்டதால் பேரன் கைப்பேசியில் பேசியே எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறான். என் தகப்பனார் பேரேட்டில் எழுதிவந்த வரவு, பற்று, முந்திரி, காணிக் குறிகளையும் இதில் எழுத முடியுமா? — வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கேள்வியைப் படித்தபோது மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது, ஐயா. குரல்வழித் தட்டச்சு பேச்சு வழக்கைச் சில வேளைகளில் தவறாக எழுதிவிடும்; எனவே அனுப்பும் முன் பேரனை ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். குறிகளைப் பொறுத்தவரை, முடியும் என்பதே பதில். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய் ஆகியவை 2003ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டன. 320இல் ஒரு பங்கான முந்திரி, 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா முதலிய பின்னக் குறிகளும் முகத்தல் முதலிய அளவைக் குறிகளும், 51 எழுத்துகளாக, 2019இல் சேர்க்கப்பட்டன. பின்னக் குறிகளுக்கு உரிய எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அவை வெறும் கட்டங்களாகத் தெரியும்; அதற்குரிய எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் சரியாகத் தெரியும். வரவு, பற்றுக் குறிகள் விசைப்பலகையில் அகப்படாவிட்டால், ஒரு முறை படியெடுத்துக் கைப்பேசியின் சொந்த அகராதியில் 'வரவு' என்ற சொல்லுக்கு நேரே பேரனைச் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு 'வரவு' என்று எழுதும்போதெல்லாம் ௷ பரிந்துரையாக வந்து நிற்கும்.

தகப்பனாரின் பேரேட்டில் ஒரு பக்கத்தை இருவருமாகச் சேர்ந்து தட்டச்சு செய்து, அந்தப் பக்கத்தின் படத்தோடு எங்களுக்கு அனுப்பிவையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.