‘கன்சல்டன்ட்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: சிறிய வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். ஒருவர் இரண்டரை ஆண்டுகளாகக் ‘கன்சல்டன்ட்’ ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். மாதாமாதம் இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் வாங்குவார். இப்போது மற்ற ஊழியர்களைப் போலத் தனக்கும் சம்பளத்துடன் விடுப்பு, சேமநிதி எல்லாம் வேண்டும் என்கிறார். ‘இவர் ஊழியர் அல்ல’ என்ற ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்டிருக்கிறார். அது போதாதா?

பதில்: அந்த வரியை மட்டும் நம்பினால் போதாது. பல நாடுகளில் நீதிமன்றங்கள் ஒப்பந்தத்தோடு நிற்பதில்லை. அன்றாடம் வேலை எப்படி நடந்தது என்று பார்க்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 198ஆம் பரிந்துரை (2006) சொல்வதும் இதுதான்: உறவுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் நடைமுறையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இது புதுச் சங்கதியும் அல்ல. 1956இல் தராங்கதரா கெமிக்கல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் உப்பளத்தில் பாடுபட்டவர்களைத் தொழிலாளர்கள் என்றே ஏற்றது. அவர்களுக்கு விளைந்த உப்பின் அளவுக்குத்தான் கூலி. உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். இருந்தும், வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் நிறுவனம் மேற்பார்வை செய்தது. 2021இல் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் ஒப்பந்த வாசகத்தைத் தாண்டித்தான் பார்த்தது.

உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். ‘சார், நாளைக்கு லீவு வேணும்’ என்று அவர் கேட்டு, ‘சரி, பேனரை முடிச்சுட்டுப் போங்க’ என்று நீங்கள் பதில் போட்டிருந்தால் அது அவர் பக்கத்துச் சான்று. சொந்தமாகத் தொழில் செய்பவர் லீவு கேட்பதில்லை, வர முடியாது என்று தகவல் சொல்வார். இன்வாய்ஸ் எண்களையும் கவனியுங்கள். 1, 2, 3 என்று இடைவெளியில்லாமல் எல்லாமே உங்கள் பெயருக்கு வந்திருந்தால் அவருக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை என்றுதான் பொருள்படும். குறித்த நேரத்தில் அலுவலகம் வருவது, உங்கள் லேப்டாப், தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியாத நிலை, இவையும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் வழக்கு முடிந்துவிடாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள்.

இந்த நேரத்தில் பழைய தேதி போட்டுப் புது ஒப்பந்தம் எழுதி வாங்காதீர்கள். அது மோசடியாகவே பார்க்கப்படும். உரிமை கேட்டார் என்பதற்காக நிறுத்தவும் வேண்டாம்; பல இடங்களில் அதுவே இன்னொரு வழக்காகும்.

உண்மையிலேயே அவர் தனித்து இயங்குபவர் என்றால் நேரத்தையும் வேலைமுறையையும் அவரிடம் விட்டுவிடுங்கள். வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், வேறு வாடிக்கையாளர்களைத் தடுக்காதீர்கள். அப்படி விட முடியாது என்றால் (நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முடியாது என்றே எனக்குப் படுகிறது) ஊழியராகவே எடுத்துக்கொள்வதுதான் செலவு குறைந்த வழி. சேமநிதி, விடுப்பு என்று பழைய பாக்கி எவ்வளவு வரும், எத்தனை ஆண்டுகள் பின்னோக்கிக் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தக் கணக்கை உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் கன்சல்டன்டோடு பேச உட்காருங்கள்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. அவர் ஊழியரே அல்ல என்று நீங்கள் வாதிட்டு ஜெயித்தால், இத்தனை நாள் அவர் வரைந்த லோகோக்களின் பதிப்புரிமை (காப்பிரைட்) யாருடையது? பல நாடுகளில், எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அது வரைந்தவருக்கே. உங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.