குழுவை விட்டு வந்த பிறகும் உளவியலாளர் எதற்கு?

'தம்பி சாமியார் குழுவை விட்டு வந்துவிட்டான், அப்புறம் உளவியலாளர் எதற்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே வந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கும்.

அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த உளவியலாளர் மார்கரெட் சிங்கர் (1921–2003), கொரியப் போரில் சிறைப்பட்டுத் திரும்பிய வீரர்களை 1950களில் ஆராய்ந்தவர். 1970களில், இப்படிக் குழுக்களை விட்டு வந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவைத்தார். பலருக்குச் சின்ன முடிவுகூட எடுக்க வரவில்லை. அதுவரை எல்லாவற்றையும் தலைவரே முடிவு செய்திருந்தார் அல்லவா? இன்னொன்று, 'மிதத்தல்'. குழுவில் பாடிய பாட்டின் ஒரு வரி காதில் விழும். கண் நிலைகுத்திவிடும், மனம் பழைய மயக்கத்துக்கே போய்விடும்.

இது பைத்தியம் இல்லை, பழக்கத்தின் மிச்சம் என்று உளவியலாளர் முதலில் புரியவைப்பார். எது தூண்டியது என்று அவரோடு சேர்ந்து தேடுவார். தூண்டுவது எது என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும்.

வீட்டார் சதா கவனித்துக்கொண்டே இருப்பதும் இவர்களை வாட்டும். கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி. தம்பி ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே பதறாதீர்கள். 'எப்படிடா ஏமாந்தாய்?' என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அதை அவனே தினமும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பான்.