'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? நிரலும் தரவும்: கேள்வி பதில்

பதின்மூன்று ஆண்டுகளாகத் தரவுகளோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. புதிதாகக் கற்க வருகிறவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பைத்தான் என்ற நிரல் மொழியில் இருக்கும். மதிப்புகளைப் போட்டுவைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை மறுக்காது, ஓட்டிப் பாருங்கள்.

பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி: அக்கா, எனக்குக் கணிதம் என்றாலே உதறல். நான் நிரல் எழுதக் கற்கலாமா? எந்த மொழியில் தொடங்குவது?

தாராளமாகக் கற்கலாம். பேரேட்டில் பற்றும் வரவும் ஒத்துப்போகாதபோது எந்த வரியில் பிசகியது என்று தேடியிருப்பீர்கள் அல்லவா? நிரலாக்கத்தில் பாதி நேரம் அந்தத் தேடல்தான். பைத்தானில் தொடங்குங்கள். கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி அது. பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல, ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. எந்த மொழி சிறந்தது என்று மூன்று மாதம் காணொளி பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தில் ஒரு மொழியையே ஓரளவு கற்றிருக்கலாம்.

அதே மாணவி: 'மொத்தம் = மொத்தம் + 1' என்று எழுதுகிறார்கள். ஒரு எண்ணும் அதோடு ஒன்று கூட்டியதும் எப்படிச் சமமாகும்?

ஆகாது. இங்கே = என்பது சமக்குறி அல்ல, ஒரு கட்டளை. ஊர்க் கபடிப் போட்டியில் கரும்பலகை ஓரம் சாக்பீஸோடு ஒரு பையன் நிற்பானே, அவனை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 14 இருக்கிறது. ஒரு புள்ளி கிடைத்ததும் 14ஐப் படிக்கிறான், மனதில் ஒன்று கூட்டுகிறான், பழையதை அழித்து 15 என்று எழுதுகிறான். வலப்பக்கம் முதலில் நடக்கும். விடை இடப்பக்கப் பெயரின் கீழ் போய் உட்காரும். 'இரண்டும் சமமா?' என்று கேட்க வேண்டுமானால் == என்று இரண்டு முறை போட வேண்டும்.

பள்ளி மாணவர்: பட்டியலில் முதல் உறுப்புக்கு ஏன் 0 என்று எண்?

நம் ஊர் அடுக்குமாடிகளில் தரைத்தளத்துக்கு மேலே இருப்பதைத்தானே முதல் மாடி என்கிறோம்? அதே கணக்குதான். அந்த எண் வரிசை எண் அல்ல, தொடக்கத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லும் தூரம். புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் (R) என்ற நிரல் மொழியில் 1இலிருந்துதான் தொடங்கும். இரண்டிலும் வேலை செய்கிறவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்படுங்கள்.

தமிழாசிரியர்: என் மாணவன் ஒருவன் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டான். 5 என்று வந்தது. மூன்றெழுத்து என்று நான் நடத்திய பாடம் பொய்யா?

ஐயா, உங்கள் பாடம் சரிதான். பைத்தான் எண்ணியது எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியெண்களை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கொரு எண் தரும் பொதுமுறைதான் யூனிகோடு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. கணினியின் உள்ளே 'மி' என்பது ஓர் எழுத்தே அல்ல; 'ம'வும் அதன் பின்னால் ஒட்டிய ஒரு குறியும்.

இதில் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய வேடிக்கை ஒன்று உண்டு. நம் இலக்கணம் மெய்யை அடிப்படையாக வைக்கிறது: ழ் + அ = ழ. யூனிகோடு அதைத் தலைகீழாக்கி, அகரம் ஏறிய 'ழ'வை அடிப்படையாக வைத்து, அதன்மேல் புள்ளியைப் போட்டு 'ழ்' ஆக்குகிறது. இலக்கணத்தில் எளிமையான எழுத்து கணினிக்கு இரட்டை; இலக்கணத்தில் கூட்டெழுத்து கணினிக்கு ஒற்றை.

விளைவுகளும் உண்டு. ஆங்கிலச் சொல்லைத் திருப்பி எழுதும் பயிற்சி எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும். அதே நிரலில் 'தமிழ்' என்று கொடுத்தால் புள்ளி முதலில் வந்து, இகரக் குறி தவறான எழுத்தில் ஏறி, திரையில் அலங்கோலமாக நிற்கும். அதைவிடப் பொல்லாதது 'கொ'. அதை 'க'வும் ஒரே ஒகரக் குறியும் என்று சேமிக்கலாம். 'க', கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. சமமா என்று கேட்டால் பைத்தான் 'இல்லை' என்னும். தேடல் பெட்டியில் 'கொடுமுடி' என்று தட்டியும் கோப்பில் இருக்கும் கொடுமுடி அகப்படாவிட்டால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கம் பைத்தானிலேயே இருக்கிறது. எழுத்துகளை எழுத்துகளாக எண்ண, 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது. அதைக் கேட்டால் மூன்று என்னும். மாணவனுக்கு அதைக் காட்டுங்கள்.

ஜவுளிக்கடைக் கணக்காளர், ஈரோடு: மேடம், 0.1 + 0.2 என்று போட்டால் 0.30000000000000004 என்று வருகிறது. என் கணினி பழுதா?

கணினி நலமாக இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் ஓடுகிறதல்லவா? கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால், நமக்கு எளிய 0.1 அதற்கு முடிவில்லாமல் ஓடும் எண். எங்கோ வெட்டியாக வேண்டும். வெட்டிய துண்டுதான் கடைசி 4. பணக் கணக்கை ரூபாயில் தசமமாக வைக்காமல், பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். வரி விகிதம் வரும் இடங்களில் தசம எண்ணைத் தசமமாகவே வைத்துக் கணக்கிடும் பைத்தானின் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எக்செல்லில் எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அது 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். தொலைபேசிக் குறியீடு 0424இன் முன்னால் இருக்கும் 0 காணாமல் போகும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே அல்ல, எழுத்து. உரையாகச் சேமியுங்கள்.

வேலைக்குத் திரும்ப முயலும் இல்லத்தரசி: சராசரி தெரியும். இடைநிலை அளவு எதற்கு?

ஒரு சிறு பட்டறையில் ஐந்து பேருக்கு மாதம் தலா 15,000 ரூபாய், முதலாளிக்கு 2,25,000. ஆறு பேரின் சராசரி 50,000. அந்தப் பட்டறையில் ஐம்பதாயிரம் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் பார்த்தால் 15,000; அதுதான் இடைநிலை. 'எங்கள் நிறுவனத்தின் சராசரிச் சம்பளம்' என்று விளம்பரம் வந்தால் இடைநிலை என்ன என்று கேளுங்கள்.

படமும் வரைந்து பாருங்கள். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு சிறு தரவுக் குழுக்களை வெளியிட்டார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் ஏறக்குறைய 0.816. வரைந்தால் ஒன்று சாய்வாகச் சிதறிய புள்ளிகள், ஒன்று வளைவு, ஒன்று ஒரே ஒரு புள்ளி மட்டும் தெறித்து நிற்கும் நேர்கோடு, ஒன்று செங்குத்துக் கம்பமும் தள்ளி நிற்கும் ஒரு புள்ளியும்.

அவரே: தரவைச் 'சுத்தம் செய்வது' என்கிறார்களே, அது என்ன?

என் மானம் போன கதையைச் சொன்னால் புரியும். முதல் வேலையில் மழை அளவுக் கோப்பு ஒன்றைக் கொடுத்து மாதச் சராசரி கேட்டார்கள். பத்து நிமிடத்தில் நிரல் எழுதி, அழகான அட்டவணையாக அனுப்பிவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, "பிப்ரவரியில் மழை வானத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறதே?" என்றார். சராசரி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. கருவி பழுதான நாட்களில் -99.9 என்று பதிந்திருந்தார்கள். 'அளவு இல்லை' என்பதற்கான அடையாளம் அது. நான் அதையும் சேர்த்துக் கூட்டியிருந்தேன். கோப்பின் முதல் ஐம்பது வரிகளைக் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதன்பின் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, காலி இடங்கள், வரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வரி எண்ணிக்கையை அற்பமாக நினைக்காதீர்கள். 2020இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றாளர்கள் ஏறத்தாழ 16,000 பேர் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லாததுதான் காரணம்.

மற்றபடி திருச்சி, திருச்சிராப்பள்ளி, திருச்சினாப்பள்ளி மூன்றும் ஒரே ஊர் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதும் சுத்தம் செய்வதில் சேர்த்தி.

பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்: அக்கா, மோசடிப் பரிவர்த்தனையைக் கண்டுபிடிக்க, பழைய தரவைக் கொண்டு நான் பயிற்றுவித்த கணினி மாதிரி (மாடல்) 99% துல்லியம். ஆனால் பேராசிரியர் மகிழவில்லை.

தம்பி, 1,000 பரிவர்த்தனைகளில் மோசடி எத்தனை? பத்து என்றால், எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'நல்லது' என்று முத்திரை குத்தும் சோம்பேறி நிரலுக்கும் 99% கிடைக்கும். ஒன்றைக்கூடப் பிடித்திருக்காது. அந்தப் பத்தில் எத்தனை பிடித்தது, பிடித்ததில் எத்தனை உண்மையான மோசடி என்று இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு எடுத்துப் போங்கள். பயிற்சிக்குக் கொடுத்த தரவிலேயே சோதித்தீர்களா என்றும் பாருங்கள். கைடில் இருந்த அதே வினாக்களைத் தேர்வில் கேட்டு, பையன் நூறு வாங்கினான் என்று மெச்சுவது போன்றது அது.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: வாட்ஸ்அப்பில் வந்த நிரலை அப்படியே ஒட்டினேன். முதல் வரியிலேயே பிழை. என்ன தவறு?

மேற்கோள் குறிகளைப் பாருங்கள். வளைந்த “ ” ஆக இருந்தால் பைத்தான் ஏற்காது. நேரான " " வேண்டும். அழித்துவிட்டு நீங்களே தட்டுங்கள். பிழைச் செய்தி எவ்வளவு நீளமாக வந்தாலும் கடைசி வரியிலிருந்து படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஈரோடு கணக்காளர், மறுபடியும்: இதற்கெல்லாம் புதிய கணினி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பைத்தான் நிரலை எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை உலாவியிலேயே இலவசமாக ஓடும். கடைக் கணினியில் ஓட்டினால் முதலில் பில் கோப்புகளை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.