விசா தேதி வேறு, தங்கும் தேதி வேறு

இந்த முறை வந்த கடிதங்களைப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. விசா கிடைக்காமல் தவிப்பவர்களைவிட, கையில் விசா இருந்தும் அதில் உள்ளதைத் தவறாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொண்டவர்கள்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதனால் தேதியும் நாள் கணக்கும் சம்பந்தப்பட்ட கேள்விகளையே அதிகம் எடுத்திருக்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு அமெரிக்க விசிட்டர் விசா 10 வருஷத்துக்குக் கிடைத்திருக்கிறது. என் பிரசவத்துக்கு வருகிறார். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கூடவே இருக்கலாம்தானே?

பதில்: முடியாது, அம்மா. விசாவில் இருக்கும் 10 வருஷம் என்பது, அந்தக் காலத்துக்குள் அமெரிக்க வாசல் வரை வந்து "உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான அனுமதி. உள்ளே விடலாமா, எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். அவர் கொடுக்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறும். சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் கொடுப்பார்கள். இப்போது அந்தப் பதிவைக் காகிதமாகக் கையில் தருவதில்லை, அரசின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா வந்து இறங்கிய அன்றோ மறுநாளோ அதைத் திறந்து பாருங்கள். அதில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் கணக்கு, விசா ஸ்டிக்கரில் இருப்பது இல்லை.

அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினால்கூட அந்த 10 வருஷ விசா செல்லாமல் போய்விடும். 180 நாளுக்கு மேல், ஒரு வருஷத்துக்குள் தாண்டி இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருஷம் திரும்ப வர முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் 10 வருஷத் தடை. பேரக் குழந்தையைப் பார்க்க வந்த பாட்டிக்கு அடுத்த குழந்தை பிறக்கும்போது வர முடியாத நிலைமையை நாமே உண்டாக்கிவிடக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் இருக்க உண்மையான காரணம் இருந்தால் ஐ-539 என்ற படிவத்தில் நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் ஐ-94 தேதி முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்புறம், எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லும்படி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்று வாரம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் இருப்பது அடுத்த பயணத்தில் கேள்வியாக வந்து நிற்கும்.

கேள்வி: பாஸ்போர்ட் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இரண்டு வாரப் பயணம்தான். போகலாமா?

பதில்: எந்த நாடு என்பதைப் பொறுத்தது. பல நாடுகள் உள்ளே வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருந்தால் போதும், ஆனால் அந்த பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். உங்களைத் தடுப்பது பெரும்பாலும் அந்த நாட்டு அதிகாரியாக இருக்காது, செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர்தான், ஏனென்றால் தகுதியில்லாத பயணியை ஏற்றிப் போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம். புதுப்பித்துவிட்டே கிளம்புங்கள். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் கவலை வேண்டாம், பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டலாம்.

கேள்வி: ஒரு வருஷ மல்டிபிள் என்ட்ரி (பல முறை போய்வரும்) ஷெங்கன் விசா இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் மகள் வீட்டில் 60 நாள் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஜூனில் மறுபடி போனால் புதிதாக 90 நாள் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இந்தக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் தேதி போட்டே சொல்கிறேன். விதி என்னவென்றால், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணினால், அதற்குள் நீங்கள் ஷெங்கன் பகுதியில் இருந்தது 90 நாளைத் தாண்டக் கூடாது. உள்ளே நுழைந்த நாள், வெளியேறிய நாள் இரண்டுமே சேரும். வெளியே வந்துவிட்டால் மீட்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று நினைப்பதுதான் தப்பு.

மார்ச் 1 உள்ளே போய் ஏப்ரல் 29 வெளியே வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம், 60 நாள் ஆகிவிட்டது. ஜூன் 1 மறுபடி போனால் மிச்சம் 30 நாள்தான். ஜூன் 30 அன்று 90 முடிந்துவிடும், அன்றைக்கே கிளம்பியாக வேண்டும். ஜூலை 1 அன்றும் அங்கே இருந்தால் அது ஓவர்ஸ்டே. அப்புறம் எப்போது போகலாம்? மார்ச் 1 என்ற நாள் 180 நாள் ஜன்னலுக்கு வெளியே நழுவ வேண்டும், அது நடப்பது ஆகஸ்ட் 28. அன்றிலிருந்து பழைய நாள் ஒவ்வொன்றாக உதிர உதிர ஒவ்வொரு நாளாக உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, டிக்கெட் போடுவதற்கு முன் அதில் தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் ஸ்டிக்கரில் தங்கும் நாள்கள் என்ற இடத்தில் 90-க்குக் குறைவான எண் இருந்தால் அதுதான் உங்கள் உச்ச வரம்பு. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளை அதிகாரி புரட்டிப் பார்த்து எண்ண வேண்டும், சிலது மங்கியிருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த மின்னணுப் பதிவு முறையில் நுழைவும் வெளியேற்றமும் கைரேகை, முகப்படத்தோடு கணினியில் ஏறுகின்றன. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அங்கே கழிக்கும் நாள்கள் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் பிரிட்டன் விசா ரிஜெக்ட் ஆனது. இப்போது கனடாவுக்குப் போடுகிறோம். "அதை எழுத வேண்டாம், வேறு நாடுதானே, யாருக்கும் தெரியாது" என்று ஏஜென்ட் சொல்கிறார்.

பதில்: அந்த ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதத் தயார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடியேற்ற விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. கைரேகை கொடுத்திருந்தால் அதுவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். படிவம் தெளிவாகவே கேட்கிறது, இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று. இல்லை என்று எழுதினால் அது மறதிக் கணக்கில் போகாது, பொய்த் தகவல் என்றே பதிவாகும். கனடாவில் அதற்கு ஐந்து வருஷத் தடை. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவு செய்தால் 10 வருஷம் வரை. அமெரிக்காவில் வேண்டுமென்றே முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னது நிரூபணமானால் ஆயுள் முழுக்கத் தடை, அதை விலக்கித் தரச் சொல்லித் தனியாகப் போராட வேண்டும்.

மறுக்கப்பட்டது என்று உண்மையைச் சொல்வதால் மட்டும் யாரும் தடை போடுவதில்லை. அப்போது என்ன காரணம் சொன்னார்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதை நாலு வரியில் எழுதி, பழைய மறுப்புக் கடிதத்தையும் இணையுங்கள். வருமானம் போதவில்லை என்றார்களா, இப்போதைய சம்பளச் சீட்டுகளை வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி வங்கிக் கணக்கில் மொத்தமாகப் பணம் போட்டுக் காட்டுவது உதவாது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது, தண்டனையும் உங்களுக்குத்தான். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கிப் படியுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: வேலை விசாவில் இருக்கிறேன். திடீரென்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உடனே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமா?

பதில்: எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் நாலு நாட்டுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹெச்-1பி என்ற வேலை விசா என்றால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் உங்கள் ஐ-94 முடிந்துவிட்டால் அதுவரை மட்டும். நாள் எண்ணிக்கை வேலை முடிந்த தேதியிலிருந்து ஓடும், கடைசிச் சம்பளம் வந்த தேதியிலிருந்து இல்லை. இந்த 60 நாளுக்குள் புதிய நிறுவனம் உங்களுக்காக மனு போட வேண்டும், அல்லது வேறு வகை விசாவுக்கு மாற நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். பிரிட்டனில் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்ததும் உங்கள் விசாக் காலத்தைச் சுருக்கிக் கடிதம் வரும், வழக்கமாக 60 நாள் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் நிலைமை கொஞ்சம் நல்லது: விசாவுக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் வேலை போனால் ஒரே தடவையில் 180 நாள் வரை, விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் வரை புதிய ஸ்பான்சரைத் தேடலாம். கனடாவில் ஒரே நிறுவனத்துக்கான பர்மிட் என்றால், பர்மிட் தேதி முடியும்வரை நாட்டில் இருக்கலாம், ஆனால் அனுமதி வாங்காமல் வேறு இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது.

வேலை போன அதிர்ச்சியில் முதல் இரண்டு வாரம் எதுவும் ஓடாது, புரிகிறது. ஆனால் முதல் நாளே ஒரு காரியம் செய்துவிடுங்கள்: வேலை முடிந்த தேதியை எழுத்தில் வாங்குங்கள், சம்பளச் சீட்டுகளையும் விசா மனுவின் நகலையும் அலுவலக லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

கேள்வி: நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பதில் வருவதற்குள் இப்போதைய விசா முடிந்துவிடும். நான் சட்டவிரோதமாக இருப்பவன் ஆகிவிடுவேனா? நடுவில் ஒரு கல்யாணத்துக்கு வெளிநாடு போய்வர வேண்டும்.

பதில்: முடிவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பிரிட்டனில் பழைய அனுமதியே பழைய நிபந்தனைகளோடு தொடரும், கனடாவிலும் அதுபோல, ஆஸ்திரேலியாவில் பதில் வரும்வரை இருப்பதற்குப் பிரிட்ஜிங் விசா என்று ஒன்று கொடுப்பார்கள். ஒரு நாள் தாமதமாகப் போட்டிருந்தால் கதையே வேறு. கல்யாணம்தான் சிக்கல். இந்தப் பாதுகாப்பு நீங்கள் நாட்டுக்குள் இருக்கும்வரைதான். பிரிட்டனிலிருந்து கிளம்பினால் அது அறுந்துவிடும். ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் ஏ என்ற வகையோடு வெளியேறினால் திரும்ப வர முடியாது, கிளம்புவதற்கு முன்பே பிரிட்ஜிங் பி வாங்க வேண்டும். எந்த நாடு என்று பார்த்து முடிவு செய்யுங்கள், டிக்கெட் அப்புறம்.

கேள்வி: ஒரு நாட்டில் விமானம் மாறத்தான் போகிறேன். டிரான்சிட் விசா வேண்டுமா?

பதில்: இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்கா வழியாகப் போனால் விசா வேண்டும், அங்கே விமானம் மாறுபவர்களும் இமிகிரேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் முதலில் உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக வாங்கியதா? பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள், அந்த நாடு உங்களிடம் விசா கேட்கும் என்றால் அது இல்லாமல் நடக்காது.

கேள்வி: கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) வாங்கி மூன்று வருஷம் இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம், பார்த்துக்கொள்ள வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது பி.ஆர். கார்டும் முடிந்துவிட்டது. எல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, முதலில் மூச்சு விடுங்கள். கார்டு முடிந்தது வேறு, பி.ஆர். நிலை போவது வேறு. கனடா கேட்பது, கடைசி ஐந்து வருஷத்தில் மொத்தம் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதுதான், தொடர்ச்சியாக என்றுகூடச் சொல்லவில்லை. நீங்கள் தொடர்ந்து மூன்று வருஷம் அங்கே இருந்திருந்தால் கடைசி ஐந்து வருஷத்துக்குள் 1000 நாளுக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது. கார்டு இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், வெளிநாட்டில் இருந்தபடியே பி.ஆர். பயண ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் இது நகரும் கணக்கு. இன்னும் வெளியே இருக்க இருக்க, ஆரம்ப கால நாள்கள் ஐந்து வருஷத்துக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு தாளில் நுழைந்த தேதி, வெளியேறிய தேதி எல்லாவற்றையும் எழுதி, எந்த நாளில் 730-க்குக் கீழே இறங்குகிறது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நிலைமையில் வேறு நாட்டில் இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டி வந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே திரும்ப நுழைவதற்கான ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், வெளியே போன அப்புறம் கேட்க முடியாது. ஆறு மாதத்தைத் தாண்டினாலே குடியுரிமைக்கான கணக்கில் கேள்வி வரும். பிரிட்டனின் நிரந்தர அனுமதி தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் தானாகப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசாவோடு போய்வரும் வசதி பொதுவாக ஐந்து வருஷம்தான், அது முடிந்த அப்புறம் திரும்ப வர ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா தேவை.

அப்பாவின் மருத்துவமனைக் காகிதங்களை, டிஸ்சார்ஜ் அறிக்கை, டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நாள் கணக்கு குறைந்து போனாலும் மனிதாபிமானக் காரணங்களைக் கனடா அதிகாரிகள் பரிசீலிக்க சட்டத்தில் இடமிருக்கிறது, அப்போது பேசப்போவது இந்தக் காகிதங்கள்தான். அப்பா சீக்கிரம் தேறி வர வேண்டும்.