புரோமோ எரிமலை: நெருப்பும் கதையும் (கேள்வி பதில்)

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் 2,329 மீட்டர் உயரத்தில் இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது புரோமோ. அதைச் சுற்றி வாழும் தெங்கர் மக்கள், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள அந்தத் தீவில் இந்து சமயத்தை விடாமல் வைத்திருப்பவர்கள். நான் நிலவியல் படித்தவள். மூன்று முறை அங்கே போயிருக்கிறேன், அதில் ஒருமுறை தெங்கர் மக்கள் ஆண்டுதோறும் நடத்தும் கசாடா திருவிழா சமயத்தில். பாறையைப் பற்றியும் கேளுங்கள், கதையைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

புரோமோ என்றால் பிரம்மாவா அக்கா?
ஆமாம். ஜாவானிய உச்சரிப்பில் ‘அ’ பல இடங்களில் ‘ஒ’ போல ஒலிக்கும். பிரம்மா அப்படித்தான் புரோமோ ஆனார் என்கிறார்கள். நமக்குப் பிரம்மா என்றால் படைப்புக் கடவுள். பழைய ஜாவானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘நெருப்பு’ என்றும் பொருள் உண்டு. அந்த மலையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

கடைசிப் பிள்ளையைப் பலி கேட்ட கதை உண்டாமே?
அதுதான் தெங்கர் மக்களின் மூலக்கதை. ஜாவாவின் பழைய பேரரசான மஜாபாகித்தின் அரசகுலத்துப் பெண் ரோரோ ஆந்தெங். அவள் கணவன் ஜோகோ செகெர். இருவர் பெயரின் கடைசி அசைகளும் சேர்ந்ததுதான் ‘தெங்கர்’. பிள்ளை இல்லாமல் தவித்தவர்கள் மலையிடம் வேண்டினார்கள். இருபத்தைந்து பிள்ளைகள் பிறப்பார்கள், கடைசிப் பிள்ளையை எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றது மலை. சரி என்று வாக்குக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். கடைக்குட்டி பெயர் குசுமா. எந்தத் தாய் கொடுப்பாள்? மறைத்து வைத்தார்கள். மலை வெடித்து, தீயின் நாக்கு குசுமாவை இழுத்துக்கொண்டது. பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது: நான் உங்கள் எல்லாருக்காகவும் போகிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை விளைச்சலில் கொஞ்சம் எனக்குத் தாருங்கள். தெங்கர் நாட்காட்டியின் கசாடா மாதம் பதினான்காம் நாள் நடக்கும் விழா அந்த வாக்கிலிருந்து வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். வாக்கு மீறிய பெற்றோரை அந்தக் கதை ஓரிடத்திலும் திட்டவில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. இரவில் சொல்ல ஒரு கதை?
பாத்தோக் மலையின் கதையைச் சொல்லுங்கள். ரோரோ ஆந்தெங்கைக் கட்டிக்கொள்ள ஒரு ராட்சசன் வந்தான். மறுக்கப் பயந்து, ‘ஒரே இரவில் இங்கே ஒரு கடலை வெட்டித் தா’ என்றாள். அவன் ஒரு கொட்டாங்குச்சியால் மண்ணை வாரத் தொடங்கினான். நடு இரவுக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அவள் பதறிப்போய் உலக்கையை எடுத்து உரலில் நெல் குத்தினாள். சத்தம் கேட்ட சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவின. ராட்சசன் கொட்டாங்குச்சியை வீசிவிட்டுப் போய்விட்டான். அவன் வாரிய பள்ளம்தான் புரோமோவைச் சுற்றியுள்ள மணல்வெளி. அந்தக் கொட்டாங்குச்சி கவிழ்ந்து கிடப்பதுதான் புரோமோவை ஒட்டியுள்ள பாத்தோக். பாத்தோக் என்றாலே கொட்டாங்குச்சி. மலையின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மழை அரித்த வரிகள் ஓடும், நார் உரித்த தேங்காயைப் பார்ப்பது போலவே இருக்கும்.

சார்ந்த கேள்வி: அந்த மணல்வெளி உண்மையில் எப்படி வந்தது?
ஒரு காலத்தில் அங்கே மிகப் பெரிய எரிமலை இருந்தது. பெருவெடிப்பில் அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்ததும், தாங்க ஆளில்லாத கூரை போல மலையின் நடுப்பகுதி உள்ளே இறங்கியது. அந்தப் பெரும் பள்ளத்தைச் சாம்பலும் மணலும் நிரப்பின. பிறகு அதற்குள்ளிருந்தே புரோமோ, பாத்தோக் போன்ற சிறு கூம்புகள் எழுந்தன. கதையைத் திரும்பப் பாருங்கள். முதலில் பள்ளம், அப்புறம் அதற்குள் பாத்தோக். வரிசை சரியாக இருக்கிறது! கதை கட்டியவர்கள் அந்த நிலத்தை உற்றுப் பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

ஆடு, கோழியை உயிரோடு எறிகிறார்களா? அதை வலை போட்டுப் பிடிக்கிறார்களாமே, பாவம் இல்லையா?
எறிகிறார்கள். மணல்வெளியில் உள்ள போத்தென் கோயிலில் இரவுப் பூசை முடிந்ததும், படியேறி எரிமலை வாய்க்குப் போகிறார்கள். உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், வெங்காயத்தாள், காசு, கோழி, ஆடு எல்லாம் உள்ளே போகும். உள்சரிவில் ஆட்கள் நிற்பார்கள். மூங்கில் கழியில் கட்டிய வலை, சிலர் கையில் விரித்த லுங்கி. நான் பார்த்த ஒரு பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். குதிகாலைச் சாம்பலில் புதைத்து நின்று, பறந்து வந்த கோழியை இறக்கையோடு அப்படியே அணைத்துப் பிடித்தான். மேலே நின்ற யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கோழியை எறிந்த அம்மா கைகூப்பியபடி நின்றார், கீழே பார்க்கவே இல்லை. கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. இதில் பாவம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சரிவு மிகவும் ஆபத்தானது. நீங்கள் இறங்கவே கூடாது.

இது மூடநம்பிக்கைதானே? படித்த நீங்களே இப்படிப் பேசலாமா?
அவர்களின் உருளைக்கிழங்கு விளைவது இதே மலையின் சாம்பல் மண்ணில். 2010 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் புரோமோ சாம்பல் கொட்டியபோது பாழானதும் அவர்கள் தோட்டங்கள்தான். தருவதும் எடுப்பதும் ஒரே மலை. இதைத்தான் குசுமா கதையும் சொல்கிறது. 2016 ஜூலையில் மலை சாம்பல் கக்கிக்கொண்டிருந்தபோதும் கசாடாவை நடத்தினார்கள். நிலநடுக்கமானி தரும் தகவல் அவசியம் வேண்டும். அதற்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

போவது பாதுகாப்பா?
இந்தோனேசியாவில் நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு. கிளம்பும் முன் எந்த நிலை என்று பாருங்கள், தடை இருந்தால் வாய்க்கு ஏறாதீர்கள். 2004 ஜூனில் திடீரென்று வெடித்து இருவர் இறந்தார்கள். பக்கத்தில் உள்ள செமெரு எரிமலை இன்னும் கடுமையானது. 2021 டிசம்பர் 4 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியது. கந்தகப் புகைக்கு முகக்கவசமும் விடியற்காலைக் குளிருக்குக் கனமான சட்டையும் வேண்டும்.

செமெரு என்பது நம் மேருவா?
மேருதான். ஜாவா தீவு நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்ததால், தேவர்கள் ஜம்புத்தீவிலிருந்து மகாமேருவைக் கொண்டுவந்து ஆணி அடித்தது போல வைத்தார்கள் என்று பழைய ஜாவானிய நூல் சொல்கிறது. மேற்கில் வைத்ததும் தீவு சாய்ந்தது. கிழக்கே நகர்த்தினார்கள், வழியில் சிந்திய துண்டுகள் மற்ற மலைகளாயின.

இந்தியாவில் எரிமலை உண்டா?
அந்தமானில் பாரன் தீவு. இதுவும் ஜாவா எரிமலைகளும் ஒரே நீண்ட வளைவில்தான் இருக்கின்றன. 1991-இல் மறுபடி விழித்தது.

புரோமோவில் பிள்ளையார் இருக்கிறாராமே?
இருக்கிறார், எரிமலை வாயின் விளிம்பிலேயே. நான் போன காலையில் முதல்நாள் பூக்களின் மேல் சாம்பல் படிந்திருந்தது. ஒரு பெரியவர் தோளில் போர்த்தியிருந்த லுங்கியின் முனையால் பிள்ளையாரின் முகத்தைத் துடைத்துவிட்டு, புதுப் பூ வைத்துவிட்டு இறங்கினார்.